மூசைக்குப் போகும் மோதிரங்கள்

(பழங்காலக் கல் மோதிரங்கள் குறித்து விஸ்வநத்தத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

விஸ்வநத்தத்திலிருந்து வெம்பக்கோட்டை வெகுதூரம் இல்லை. வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில், தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. 2024இல் நடந்த மூன்றாம் கட்டத்தில் ஒரு சூதுபவளக் கல் வெளிப்பட்டது. சிவந்த அந்தச் சிறு கல்லின் முகத்தில் திமிலோடு ஒரு காளை செதுக்கப்பட்டிருந்தது. பட்டாசுக்குத் திரி வைத்துப் பழகிய ஊர் இது. இத்தனை சிறிய இடத்துக்குள் கை தவறாமல் வேலை செய்வது எப்படிப்பட்ட காரியம் என்று இங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சூதுபவளம் பழங்காலத்தில் பெரும்பாலும் குஜராத் பக்கத்திலிருந்து வந்தது. வெட்டியெடுக்கும்போது அது மங்கிய பழுப்பாகவே இருக்கும். பக்குவமாகச் சூடேற்றினால்தான் அந்தச் சிவப்பு ஏறும். பிறகு வில்லால் சுழற்றும் துளைக்கருவியை வைத்து, கல்லைவிடக் கடினமான பொடியைத் தூவித் தூவி, உருவத்தை உள்நோக்கிக் குடைய வேண்டும். இப்படிக் குடைந்த கற்களைப் பழங்காலத்தார் முத்திரையாகப் பயன்படுத்தினார்கள். மோதிரத்தில் பதித்து, மெழுகிலோ களிமண்ணிலோ அழுத்தினால் அதுவே உடையவரின் கையெழுத்து. சூதுபவளத்தில் மெழுகு ஒட்டாமல் பிரிந்துவிடும். கிரேக்க, ரோமானிய முத்திரை மோதிரங்களில் அந்தக் கல் அவ்வளவு அதிகமாகக் காணப்படுவதற்கு அது முக்கியமான காரணம்.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் ஒரு செதுக்குக் கல்லைப் பார்த்தார். அதில் இருந்தது ஒரு மனிதத் தலை. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அவர் கருதினார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே நடத்திய அகழாய்வு அந்த ஊரின் ரோமானியத் தொடர்பை உலகுக்குச் சொல்லிற்று. கரூரில் கதை வேறு விதம். அமராவதி ஆற்றில் மணலைச் சலித்துப் பிழைத்தவர்களின் கையில் காசுகளும் மோதிரங்களும் அகப்பட்டன. தமிழ்-பிராமி எழுத்தில் பெயர் பொறித்த முத்திரை மோதிரங்களும், ஆணும் பெண்ணும் இணைந்து நிற்கும் உருவம் கொண்ட பொன் மோதிரமும் அப்படித்தான் வெளியே வந்தன. இவற்றில் பலவற்றை இரா. நாகசாமியும் ஐராவதம் மகாதேவனும் படித்து எழுதினார்கள். அவர்கள் கண்ணில் படாமல் கடைத்தெருவில் உருகிப்போனவை எத்தனையோ என்ற எண்ணம் இந்தத் துறையில் இருப்பவர்களை இன்றும் உறுத்துகிறது.

நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணல் இன்னொரு சாட்சி. 1985 முதல் கா. ராஜன் முதலியோர் அங்கே அகழ்ந்தபோது கிடைத்தவை முடிந்த நகைகள் மட்டுமல்ல. வெட்டாத கல், பாதி தீட்டிய கல், துளைபோடும்போது உடைந்த மணி, கழித்துப்போட்ட சில்லு என்று ஒரு பட்டறையின் குப்பையே கிடைத்தது. நீலக்கல்லும் சூதுபவளமும் பதித்த வெண்கலப் புலி ஒன்றும் அங்கே கிடைத்திருக்கிறது. அதற்குத் தெற்கே படியூரில் பச்சைக்கல் வகையைச் சேர்ந்த பெரில் எடுக்கும் சுரங்கம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்களும் அதில் கல் எடுத்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் பிளினி, பெரில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அபூர்வமாகவே கிடைக்கிறது என்று எழுதிவைத்தார். அதே கையோடு, பளிங்குக்குச் சாயமேற்றிப் போலிக் கல் செய்யும் வித்தையும் இந்தியர்களுக்குத் தெரியும் என்று சேர்த்துக்கொண்டார். நல்ல கல்லும் போலிக் கல்லும் இந்த மண்ணில் ஒரே வயதுடையவை. பழைய மோதிரம் பார்க்கிறவர் முதலில் மனதில் நிறுத்த வேண்டிய செய்தி இது.

தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாகாணத்துக் குலோங் தோம் ஊரில் ஒரு சிறு கல் பாதுகாக்கப்படுகிறது. விலையுயர்ந்த மணி அல்ல, சாதாரணக் கறுப்புக் கல். அது ஒரு பொற்கொல்லரின் உரைகல். அதன்மேல் தமிழ்-பிராமியில், இது பெரும்பதனின் கல் என்று பொருள்படப் பொறித்திருக்கிறது. காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. கடல் கடந்து போய்த் தொழில் செய்த ஒரு தமிழ்ப் பத்தர் தம் கருவிமேல் தம் பெயரை எழுதிவைத்தார். அவர் செய்த மோதிரங்களில் ஒன்றுகூட இன்று இன்னதென்று காட்ட முடியாது. கருவி பிழைத்தது, வேலைப்பாடு பிழைக்கவில்லை. பொன் அப்படிப்பட்ட பொருள். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம் என்பதால்தான் பழைய பொன்வேலை உலகம் முழுவதும் குறைவாக எஞ்சியிருக்கிறது.

கல்லைப் பார்த்து மதிப்பிடும் கலை தமிழர்களுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் கதையே ஒரு சிலம்புக்குள் இருந்தது மாணிக்கமா முத்தா என்ற கேள்வியில் திரும்புகிறது. அதே காப்பியம் மதுரையின் மணிக்கடைத் தெருவைச் சொல்லும்போது, வைரத்திலும் மற்ற மணிகளிலும் இருக்கக்கூடிய குற்றங்களை ஒரு வியாபாரியின் கண்ணோடு சொல்லுகிறது. இலக்கியம்தானே என்று ஒதுக்குகிறவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பார்க்க வேண்டும்.

முதலாம் ராஜராஜனும் அவன் அக்கா குந்தவையும் அந்தக் கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியல் சுவரிலேயே வெட்டியிருக்கிறது. 1010ஐ ஒட்டிய ஆண்டுகள். மோதிரங்கள் அதில் தனித்தனியாக வருகின்றன, நவரத்தின மோதிரமும் வருகிறது. ஒவ்வொரு நகைக்கும் எத்தனை வைரம், எத்தனை மாணிக்கம், எத்தனை முத்து என்று எண்ணியிருக்கிறார்கள். பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகள் பதித்த நகையைத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்திருக்கிறார்கள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு.

இவையெல்லாம் ஒரு நல்ல கணக்குப்பிள்ளை செய்யக்கூடியவைதான். வியப்பு அதற்கு அடுத்த வரிகளில் இருக்கிறது. வைரங்களில் புள்ளி விழுந்தவை உண்டு, வெடிப்பு உள்ளவை உண்டு, செம்புள்ளியும் கரும்புள்ளியும் உள்ளவை உண்டு, வெந்தது போன்ற தழும்பு உள்ளவையும் உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். சக்கரவர்த்தி சிவபெருமானுக்குக் கொடுத்த வைரத்தில் குறை இருக்கிறது என்று, கொடுத்தவனின் பெயருக்குக் கீழேயே, ஊரறியக் கல்லில் வெட்டிவைக்கும் துணிவும் நேர்மையும் அந்த அலுவலர்களுக்கு இருந்தன. மாணிக்கங்களையும் தரம் பிரித்து, தரத்துக்கொரு பெயர் சொல்லியிருக்கிறார்கள். கல்லுக்கு அடியில் இட்ட அரக்கின் எடையும் சேர்ந்ததா என்பதைக் குறிக்கிறார்கள். இன்று உயர்ந்த ஆய்வுக்கூடம் ஒரு வைரத்துக்குக் கொடுக்கும் சான்றிதழில் உள்ள செய்திகளில் பாதி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சைச் சுவரில் இருக்கிறது. பழைய நகையைப் பார்க்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

அந்த அரக்குதான் இனிப் பேச வேண்டியது. பழைய கல் மோதிரம் ஒன்றைக் கையில் எடுத்தால் முகப்பைப் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பொன் தகட்டால் மூடியிருந்தால் அது கடைக்காரர்கள் க்ளோஸ் செட்டிங் என்று சொல்லும் வேலை. கல்லுக்கு அடியில் அரக்கு இருக்கும், அதன்மேல் மெல்லிய பளபளப்பான ஒரு தகடு இருக்கும். கல்லுக்குள் புகுந்த வெளிச்சம் அந்தத் தகட்டில் பட்டுத் திரும்பி வரும். நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்கள் கெம்புக் கல் பதிப்பதும் இந்த முறையைச் சேர்ந்ததே. ஐரோப்பாவிலும் இதே தந்திரம் இருந்தது. இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினி 1568இல் அச்சிட்ட நூலில், எந்தக் கல்லுக்கு எப்படிப்பட்ட தகடு வைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதற்கு விளக்கொளியில் விடை இருக்கிறது. மின்விளக்கு இல்லாத காலத்தில் நகை ஒளிர வேண்டிய இடம் கருவறை, அல்லது குத்துவிளக்கு எரியும் கூடம். ஆடும் சுடரின் சிறு வெளிச்சத்தை விடாமல் பிடித்துத் திருப்பிக் கொடுக்கத்தான் அந்தத் தகடு. குழல்விளக்கின் கீழே வைத்து, இந்தக் கல் மங்கலாக இருக்கிறதே என்று தள்ளிவிடுவது பழைய மோதிரத்துக்குச் செய்யும் அநீதி. அதை ஒரு முறையாவது அகல்விளக்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சிவகாசியில் அச்சான சாமி காலண்டர்களில், கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் தெய்வங்களுக்குப் பூட்டிய சிவப்பு, பச்சை, வெள்ளைக் கற்களுக்கு உள்ளிருந்து கசிவது போன்ற ஓர் ஒளி உண்டு. அந்த ஓவியர்கள் கல்லை எந்த வெளிச்சத்தில் பார்த்துப் பழகினார்களோ அந்த வெளிச்சத்திலேயே வரைந்தார்கள்.

இந்த வேலைப்பாட்டுக்கு ஒரு பெரிய எதிரி உண்டு, தண்ணீர். பின்பக்கம் மூடிய மோதிரத்தைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் ஈரம் உள்ளே இறங்கித் தகடு கறுக்கும், கல் கண்ணை மூடிக்கொண்டதுபோல் இருண்டுவிடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. மெல்லிய துணியால் துடைப்பதோடு நிறுத்துவதே சரி. முத்து, பவளம் பதித்த மோதிரங்களும் அப்படியே. முத்தின் கடினம் மோஸ் அளவில் இரண்டரை, பவளத்துக்கு மூன்றரை. வைரத்துக்குப் பத்து. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டிவைத்தால் வைரம் மற்றவற்றைக் கீறிவிடும்.

வைர மோதிரத்தின் வயதைச் சொல்வது பட்டை. கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர் போன்ற சுரங்கங்களிலிருந்து கோல்கொண்டா வைரங்கள் உலகுக்குப் போன காலத்தில், போர்னியோத் தீவை விட்டால் வைரத்துக்கு இந்தியாதான் ஊற்று. 1720களில் பிரேசிலிலும் 1867இல் தென்னாப்பிரிக்காவிலும் வைரம் கிடைத்த பிறகு அந்த இடம் போயிற்று. அடிப்பக்கம் தட்டையாக, மேலே மொட்டுப்போல் குவிந்து முக்கோணப் பட்டைகளோடு இருந்தால் அது ரோஸ் கட். சற்றே சதுரமாக, உயரமாக, நடுவில் ஒரு சிறு வட்டம் தெரிந்தால் ஓல்டு மைன் கட். அந்த வட்டம் கல்லின் அடிமுனையைத் தீட்டித் தட்டையாக்கிய இடம். 1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர், எந்தக் கோணத்தில் பட்டை தீட்டினால் வெளிச்சம் முழுதும் மேலே திரும்பும் என்று கணக்கிட்டு வெளியிட்டார். இன்றைய வட்ட வைரத்தின் பளீர் ஒளி அந்தக் கணக்கை அடியொற்றி வந்தது. அதற்கு முந்தைய கல், கையும் கண்ணும் பழகிய அனுபவத்தால் தீட்டியது. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது.

தமிழ்நாட்டு வீடுகளில் பாட்டிமார் ப்ளூ ஜாகர் என்று பெருமையோடு சொல்லும் வைரத்துக்கும் ஊர் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டைன் சுரங்கம். 1870இல் அங்கே வைரம் எடுக்கத் தொடங்கினார்கள். லேசான நீலச் சாயல் ஓடும் வெள்ளைக் கல் அந்தச் சுரங்கத்தின் புகழ். ஆக, ஒரு தோட்டிலோ மோதிரத்திலோ உள்ள கல் மெய்யாகவே பழைய ஜாகர் என்றால், அது அந்த ஆண்டுக்கு முன்னே வந்திருக்க முடியாது. குடும்பத்தில் சொல்லிவரும் பெயர்கூடக் காலத்தைக் கணிக்க உதவும். இப்படிப்பட்ட பழைய கல்லைப் புதுப் பட்டைக்கு மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிட வேண்டும். எடையும் குறையும், கல்லின் வரலாறும் அழியும்.

மாணிக்கத்தின் கதை பர்மாவிலிருந்து வருகிறது. மேல் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்த பின், 1889இல் மோகோக் பள்ளத்தாக்கின் மாணிக்கச் சுரங்கங்களை ஓர் ஆங்கிலக் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. அதே காலத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா முழுவதும் வட்டித்தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள். பர்மாத் தேக்கோடு பர்மாச் சிவப்புக் கல்லும் செட்டிநாட்டுக்கு வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது அந்த வாழ்க்கை குலைந்தது. அதற்கு முன் வந்த கற்கள் இன்றும் பல குடும்பங்களில் மோதிரமாகவும் அட்டிகையாகவும் இருக்கின்றன.

ஆனால் சிவப்பாக இருப்பதெல்லாம் மாணிக்கம் ஆகாது. இங்கிலாந்து அரசரின் மகுடத்தில் பிளாக் பிரின்ஸ் மாணிக்கம் என்று பெயர்பெற்ற கல் உண்மையில் ஸ்பினல். இரண்டும் வேறு வேறு கனிமங்கள் என்று 1783இல்தான் பிரித்து அறிந்தார்கள். அதைவிடப் பெரிய குழப்பம் 1902இல் வந்தது. அகஸ்ட் வெர்னுயி என்ற பிரெஞ்சுக்காரர், அலுமினா பொடியை நெருப்புச் சுடரில் உருக்கி, சொட்டுச் சொட்டாகப் படியவைத்து, சில மணி நேரத்தில் மாணிக்கம் வளர்க்கும் முறையை அறிவித்தார். 1907க்குள் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 லட்சம் காரட் செயற்கைக் கல் இந்த முறையில் உற்பத்தியானது. திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது பல்லாயிரம் வீடுகளுக்குச் சோறுபோட்ட குடிசைத்தொழிலாக வளர்ந்தது. எனவே பாட்டியின் மோதிரம் நூறு வயதானது என்பதால் மட்டும் அதில் உள்ள சிவப்புக் கல் சுரங்கத்துக் கல் ஆகிவிடாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், செயற்கைக் கல்லில் வளைந்த கோடுகளும் காற்றுக்குமிழிகளும் தெரியலாம். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக ஓடும், பட்டு நூல் போன்ற நுண்ணிய ஊசிகள் தென்படும். சந்தேகம் இருந்தால் கல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதே வழி.

இந்த வட்டாரத்துக்கு நிறத்தின் வேதியியல் அத்துப்படி. சிவப்பு ஒளிக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம் என்று பட்டாசுத் தொழிலாளியின் பிள்ளைகளும் சொல்வார்கள். கல்லில் நடப்பது அதைவிட விசித்திரம். மாணிக்கத்தின் சிவப்புக்கும் மரகதத்தின் பச்சைக்கும் காரணம் குரோமியம் என்ற ஒரே உலோகம். மரகதத்தில் சில சமயம் வனேடியமும் உண்டு. எந்தப் படிகத்துக்குள் குரோமியம் குடியேறுகிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறிவிடுகிறது. நீலக்கல்லின் நீலம் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து தருவது.

மோதிரத்தின் உள்வட்டத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். பழைய கடைகள் தங்கள் பெயரின் எழுத்துகளை அங்கே குத்திவைத்தன. கேடிஎம் என்ற எழுத்து இருந்தால் காட்மியம் கலந்து பற்றவைத்த பிற்காலத்து வேலை. பொன்னின் மாற்றும் காலம் சொல்லும். 1963 ஜனவரியில் மத்திய அரசு கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாடு, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றது. நாடு முழுவதும் பொற்கொல்லர்கள் பிழைப்பை இழந்தார்கள், அந்தத் துயரத்தில் உயிரை விட்டவர்களும் உண்டு. 14 காரட் விதி சில ஆண்டுகளில் தளர்ந்தாலும், 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. அறுபதுகளின் நடுவில் கல்யாணம் நடந்த ஒரு வீட்டில் மாப்பிள்ளை மோதிரம் 14 காரட்டாக இருந்தால் அதைத் தரக்குறைவு என்று ஒதுக்குவது தவறு. அது இந்தியப் பொற்கொல்லர் வரலாற்றின் மிகக் கொடிய சில ஆண்டுகளுக்கு நேர்ச் சாட்சி. இன்னும் ஒன்று. கையால் செய்து பல காலம் அணிந்த மோதிரம் உள்ளங்கைப் பக்கம் தேய்ந்து மெலிந்திருக்கும், முகப்பின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். புதிதாகச் செய்து புகையேற்றி, ஆன்டிக் ஃபினிஷ் என்று கடைகளில் விற்பவற்றில் இந்தத் தேய்மானம் இடம்பார்த்து வராது. எங்கும் ஒரே சீராகக் கறுப்பு படிந்திருந்தால் அது பூச்சு.

வங்கி மோதிரம், நெளி மோதிரம், ஒற்றைக்கல், நவரத்தினம் என்று இங்கே வகைகளுக்குக் குறைவில்லை. கல்யாண வீட்டில் குடத்துத் தண்ணீருக்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் துழாவும் மோதிரம் பல குடும்பங்களில் தலைமுறைப் பழையது. இருந்தும், இன்னொருவர் போட்ட கல்லை நாம் போடலாமா என்ற அச்சம் பலருக்கு உண்டு, நீலக்கல் என்றால் அந்த அச்சம் இரட்டிப்பு. 1981இல் பிரிட்டிஷ் இளவரசி டயானாவின் விரலேறிய 12 காரட் இலங்கை நீலக்கல் மோதிரத்தை, 2010இல் அவர் மகன் வில்லியம் தாம் மணக்கவிருந்த பெண்ணுக்கு அணிவித்தார். தாயின் நினைவை மருமகளின் கையில் பார்க்க விரும்பிய ஒரு மகனின் செயல் அது. அந்த அன்பின் முன் தோஷக் கணக்குக்கு இடமில்லை.

ராசிக்கல் வியாபாரத்தைப் பற்றி ஒன்றை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். நம்பிக்கை அவரவர் உரிமை. ஆனால் கல் தோலில் பட வேண்டும் என்பதற்காக, பின்பக்கம் மூடிய பழைய மோதிரத்தின் தகட்டை அறுத்துத் துளை போடுவது நூற்றாண்டு வேலைப்பாட்டை ஒரு நொடியில் கொல்வது. ராசிக்கு வேண்டுமானால் புது மோதிரம் செய்துகொள்ளலாம். பழையதை விட்டுவிடலாம்.

இப்போது அவையில் இருக்கும் தாய்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் நேராகப் பட வேண்டிய விஷயம். பழைய மோதிரத்தைக் கடையில் மாற்றப் போனால் நடப்பது அனைவரும் பார்த்ததே. கல்லை நெம்பி எடுப்பார்கள், அரக்கைச் சுட்டுக் கழிப்பார்கள், மிச்சப் பொன்னை நிறுத்து, உருக்கி, மாற்றுப் பார்த்து விலை போடுவார்கள். கல்லுக்கு விலை கிடையாது, வேலைக்கு விலை கிடையாது. புது நகைக்கு மட்டும் செய்கூலியும் சேதாரமும் உண்டு. கடைக்காரரின் கணக்கில் இது நியாயம். அவர் வாங்குவது உலோகம். ஆனால் விற்கிறவர் கொடுப்பது உலோகம் மட்டும்தானா என்பதை விற்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

2014 மே மாதம் லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஒரு பொன் மோதிரத்தை ஏலம் விட்டது. எடை 41.2 கிராம். கல் எதுவும் இல்லை, தேவநாகரியில் ராம் என்று மட்டும் பொறித்திருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்த திப்பு சுல்தானின் விரலிலிருந்து எடுத்தது என்று சொல்லப்பட்ட மோதிரம். அன்றைய பொன் விலைக்கு அதன் மதிப்பு ஏறத்தாழ ஆயிரம் பவுண்டு. ஏலத்தில் போனது 1,45,000 பவுண்டுக்கு. எல்லா மோதிரமும் திப்பு மோதிரம் ஆகாது. ஆனால் அதை 1799லேயே ஒரு மூசையில் போட்டிருந்தால் 41 கிராம் பொன்னுக்கு மேல் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டத்தின்படி நூறாண்டுக்குக் குறையாத வயதுடைய கலைப்பொருள் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். ஹால்மார்க் 2021 ஜூன் 16 முதல் கட்டாயமான பிறகு, முத்திரையில்லாத பழைய நகை செல்லாது என்று சிலர் பயந்தார்கள். வீட்டில் இருக்கும் பழைய நகையை வைத்துக்கொள்ளவோ விற்கவோ எந்தத் தடையும் இல்லை. குந்தன், போல்கி, ஜடாவ் வகை நகைகளுக்கு அந்தக் கட்டாயமே கிடையாது. மண்ணுக்குள்ளிருந்து கிடைப்பது வேறு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்லுகிறது. வைப்பாற்றுப் பக்கத்துக் கரிசல்காடுகளில் மழைக்குப் பிறகு மணியோ, உருவம் பொறித்த கல்லோ கண்ணில் பட்டால், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட வேண்டும். இடம் தெரியாத மணியால் ஆய்வாளருக்குப் பாதிப் பயன்கூட இல்லை.

பணத்தேவை வந்தால் பழைய மோதிரத்தை விற்கவே கூடாது என்று யாரும் யாருக்கும் கட்டளையிட முடியாது. பிள்ளையின் படிப்பும் ஆஸ்பத்திரிச் செலவும் எந்த மாணிக்கத்தையும் விடப் பெரியவை. அப்படி விற்கும் நாளிலும் சிலவற்றைச் செய்ய முடியும். விற்பதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் முகப்பையும் பின்பக்கத்தையும் உள்வட்டத்து எழுத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யார் செய்வித்தது, எந்தக் கல்யாணத்துக்கு, எந்த ஊர்ப் பத்தர் செய்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். கழற்றிய கல்லைக் கடையிலேயே விட்டுவிட்டு வராமல் எண்ணித் திரும்ப வாங்குங்கள், அதைக் கல் ஆய்வுக்கூடத்தில் காட்டுங்கள். உடனே பணம் தேவையில்லாத வீடுகள், புது மாடல் வேண்டும் என்பதற்காக மட்டும் பழைய கல் மோதிரத்தை உருக்கக் கொடுக்க வேண்டாம்.